படம் இருந்த பக்கம் சாய்ந்த ஆமை

என் அருமைச் சகலை தணிகாசலத்துக்கு,

‘அருமை’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இருக்கட்டும். நீ இருந்த காலத்தில் உன்னை ‘வாங்க, உட்காருங்க’ என்று மரியாதையாகத்தான் அழைத்தேன். உன்னைவிட நான் எட்டு மாதம் மூத்தவன். ஆனால் நீ அந்த வீட்டு மூத்த பெண்ணைக் கட்டினாய், நான் இளையவளைக் கட்டினேன். அந்த ஒரே காரணத்துக்காக இருபத்தாறு வருஷம் நீ பெரிய மாப்பிள்ளை, நான் சின்ன மாப்பிள்ளை. இனிமேல் ‘நீ’தான். எழுந்து வந்து கேட்க முடிந்தால் கேள்.

அடுத்த வாரம் உனக்கு முதல் வருஷ நினைவு நாள். வருகிறவர்கள் கையில் கொடுக்க உன் சுலோச்சனா ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார். “தம்பி, நீங்க படிச்சவரு. அவரப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க” என்று கேட்டார். உன் மனைவியை நான் அண்ணி என்கிறேன், அவர் என்னைத் தம்பி என்கிறார். அந்தக் கணக்கும் எனக்குப் பிடித்ததில்லை, அதை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். நாலு வரியில் உன்னைப் பாராட்ட எனக்கு வராது. திட்டுவதற்கு நாலு வரி போதாது. அதனால் உனக்கு ஒரு சேதி மட்டும் சொல்கிறேன்.

உன் ஆமை நன்றாக இருக்கிறது. இப்போது இதை எழுதும் மேஜைக்கு அடியில் என் செருப்பின் வாரைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒரே வரியில் சொல்லிவிட்டேன். மார்கழியில் அது பிழைக்குமா பிழைக்காதா என்று எனக்குத் தூக்கம் போனது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

புத்தகத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செவிலிமேட்டில் நீ வீடு கட்டிக் குடிபோன அன்று, எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த கூடத்தில், ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினாய். பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் பிஸ்கட் அளவில் ஒரு ஆமைக்குஞ்சு. பச்சை உடம்பு, தலையின் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. சென்னையில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் வாங்கியதாகச் சொன்னாய்.

“இதுக்கு வாத்தியார்னு பேரு வச்சிருக்கேன். நல்லா பாருங்கப்பா. கோவம் வந்தா தலைய உள்ள இழுத்துக்கினு ரெண்டு நாளு பேசாது. யாரு மாதிரி இருக்குது?”

கூடமே சிரித்தது. என் கஸ்தூரிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் மேல்நிலைப்பள்ளியில் விலங்கியல் ஆசிரியன். அன்று காபியை வைத்துவிட்டு எழுந்து போனேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆக, நீ சொன்னதை நானே நிரூபித்தும் கொடுத்தேன்.

அத்தையை நினைத்தாலும் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நம் இருவருக்கும் பொதுவான அந்த மாமியார் கல்யாணமான புதிதில் நான் ஒரு மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டபோது, “வீட்டுக்குள்ள கண்டதும் வேணாம் மாப்ள” என்றார். நீ ஆமையைக் கொண்டுவந்ததும் என்ன சொன்னார்? “பெருமாள் எடுத்த அவதாரம், வீட்டுக்கே லட்சணம்.” அத்தை பத்து வருஷமாக என் வீட்டில்தான் இருக்கிறார். என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு உன்னைப் பாராட்டுவார்.

பிறகு உன் மகள் கல்யாணம். பத்திரிகையில் என் பெயர் வெறும் ஏகாம்பரம் என்று வந்தது. எம்.எஸ்சி. இல்லை, எம்.பில். இல்லை. நீ வேலை பார்த்த பட்டுக்கடை முதலாளியின் பத்தாம் வகுப்புகூட வேறு ஏதோ அடைமொழியில் ஒளிந்துகொண்டு அச்சாகியிருந்தது. “அச்சுக்காரன் உட்டுட்டாம்பா” என்றாய். அவன் விடவில்லை, நீதான் எழுதிக் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து உன்னோடு பேச்சை நிறுத்தினேன். நாலு வருஷம். விசேஷங்களில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்போம். பிறகு போன ஆவணியில் நீ போய்விட்டாய், சமாதானம் பேச ஒரு வாய்ப்புகூடக் கொடுக்காமல். அதிலும் நீதான் முந்திக்கொண்டாய்.

கார்த்திகையில் உன் மகளுக்குப் பிரசவம் பார்க்க அண்ணி ஓசூருக்குக் கிளம்பினார். அதற்கு முன் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“அவரு கையால வளர்ந்ததுல இது ஒண்ணுதான் தம்பி இன்னும் எங்கிட்ட இருக்குது. வர்ற வரைக்கும் பாத்துக்கங்க. அவரு குடுத்துப் பழக்கின கோயில் இட்லியத்தான் தின்னும். காலையில ஒரு மணி நேரம் மாடியில வெயில்ல வைங்க. அவரு ஒரு நாளும் தவற மாட்டாரு.”

“சரி அண்ணி” என்றேன். மனசுக்குள் நினைத்தது வேறு. நீ பெயர் வைத்து என்னைக் கேலி செய்த பிராணியை, நான் மூட்டுவலியோடு பதினெட்டுப் படி தூக்கிக்கொண்டு ஏறி வெயில் காட்டவேண்டுமா? ஆட்டோ தெருமுனை திரும்பியதும் தொட்டியைக் கூடத்தில், மொசைக் தரையில், சுவரோரமாக வைத்துவிட்டேன். அதற்கு நேர் மேலே உன் படம். அத்தை மாட்டியது, என்னைக் கேட்டு மாட்டவில்லை.

மார்கழி பிறந்தது. இந்த ஊர் மார்கழிக் காலை எப்படி என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, தரையில் கால் வைத்தால் உள்ளங்கால் கூசும். ஆமை சாப்பிடுவதைக் குறைத்தது. அப்புறம் நிறுத்தியது. கண்ணை மூடியே வைத்திருந்தது. ஒரு நாள் பார்த்தால் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. இடது பக்கம் தாழ்ந்து, வலது பக்கம் தூக்கி. அந்த இடது பக்கச் சுவரில்தான் நீ மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாய்.

முதலில் கண்டுபிடித்தது அத்தைதான்.

“கஸ்தூரி, இங்க வாடி! பெரிய மாப்ள படத்துப் பக்கமா சாஞ்சுக்கினு இருக்குது பாரு. துக்கம் தாங்காம கண்ண மூடிக்கினு இருக்குது.”

அன்று சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. கோயில் பல்லியைத் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கும் ஊர் இது. ஆமை பூசை செய்ததற்கென்றே ஒரு கோயில் கட்டி வைத்திருக்கும் ஊர். இங்கே ஒரு ஆமை செத்துப்போனவருக்காகக் கண்ணை மூடிச் சாய்கிறது என்றால் சும்மா விடுவார்களா? ஒருத்தி துளசி கொண்டுவந்து போட்டாள். ஒருத்தி மஞ்சள் தூளைக் கரைத்தாள். இன்னொருத்தி தொட்டி ஓரத்தில் ஊதுவத்தி ஏற்றி வைத்தாள். ஆமை கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது.

“நாமம் சொல்லுது” என்றார் அத்தை.

சகலை, எனக்கு வந்த எரிச்சலை எந்த வார்த்தையில் சொல்ல? என் வீடு. என் தரை. என் வீட்டுத் தண்ணீர். நான் வைத்த இட்லி. அது சாய்வது உன் பக்கம்! பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டிச் சிரிக்கத் தெரிந்த உன்னை மாமியார் வீட்டுக்குப் பிடிக்கும், சரி. முதுகெலும்பு வெளியே தெரியாத ஒரு பிராணிக்குமா பிடிக்கவேண்டும்? அது நோய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் விலங்கியல் நடத்தியவனுக்குத் தோன்றவில்லை. பொறாமை கண்ணை மறைத்துவிட்டது என்பதை இங்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எல்லோரும் படிக்கட்டும்.

மறுநாள் காலை அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உன் படத்தைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினேன். ஆணி ஆடுகிறது என்று காரணம் தயாராக வைத்திருந்தேன். பிறகு தொட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு, நாற்காலியை உன் பழைய இடத்துக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டேன். இப்போது எந்தப் பக்கம் சாய்கிறாய் பார்க்கலாம் என்று ஆமையைப் பார்த்துக் கேட்டேன். அது பழைய பக்கமே சாய்ந்திருந்தது.

திரும்பி வந்த அத்தை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “பாவம், இடம் மாத்தனது அதுக்குத் தெரியல. பழைய இடத்தையே நெனச்சிக்கினு இருக்குது.”

பிறகு ஆமை மெல்லக் காலை அசைத்துத் தொட்டிக்குள் அரை வட்டம் திரும்பியது. இவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது சமையலறையைப் பார்த்தது. சாய்வும் அதோடு திரும்பியது. இப்போது எதிர்ச் சுவர்ப் பக்கம், உன் படத்தின் பக்கம் சாய்ந்தது. “பாத்தீங்களா, கண்டுபிடிச்சிடுச்சி!” என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பொறுக்கமாட்டாமல் எழுந்து தொட்டியையே பிடித்து அரை வட்டம் திருப்பினேன். ஆமையும் தொட்டியோடு சுற்றி வந்தது. இப்போது அது நேராக என் நாற்காலியின் பக்கம், என் முழங்கால் பக்கம் சாய்ந்திருந்தது.

அந்த நிமிஷம்தான் எனக்குப் புத்தி வந்தது. உலகத்தில் எதற்காக வேண்டுமானாலும் அந்த ஆமை துக்கப்படலாம். எனக்காகத் துக்கப்பட வழியே இல்லை.

எந்தத் திசை திரும்பினாலும் அது தன் இடது பக்கம்தான் சாய்கிறது. திசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, படத்துக்கும் சம்பந்தமில்லை. உள்ளே இடது பக்கத்தில் ஏதோ கனத்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். மூக்கின் இரண்டு துளையிலும் சோப்பு நுரை மாதிரிக் குமிழி. கண் மூடியிருக்கவில்லை, இமை வீங்கித் திறக்க முடியாமல் இருந்தது. காதை வைத்துக் கேட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் ‘டிக்’ என்று சின்னச் சத்தம். நாமம் சொல்லவில்லை சகலை. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

ஊதுவத்தியைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். “எல்லாரும் வெளிய போங்க!” என்று கத்தினேன். அத்தை அழ ஆரம்பித்தார். கஸ்தூரி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

“ஏங்க, இது செத்துப்போச்சின்னா அக்காகிட்ட என்னன்னு சொல்றது? நீங்கதான் கோவத்துல கொன்னுட்டீங்கன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்லுவாங்க.”

சொல்வார்கள். பாதி உண்மையாகவும் இருக்கும். மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னதை நான் ஒரு நாள்கூடச் செய்யவில்லையே.

முதலில் நம் ஊர் மாட்டு டாக்டரிடம் ஓடினேன். அங்கே கூரத்திலிருந்து கன்றுக்குட்டியைக் கொண்டுவந்த ஒரு அம்மாள் என் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஆமைக்கு என்னாப்பா?”

“சளி பிடிச்சிருக்குதும்மா.”

“தண்ணியிலயே கெடக்கறதுக்கு எப்படிப்பா சளி புடிக்கும்? அப்போ மீனுக்குக் கூடப் புடிக்குமா?” அவர் சிரித்த சிரிப்பில் கன்றுக்குட்டியே மிரண்டுவிட்டது.

டாக்டர் நல்ல மனிதர். ஆமையை இரண்டு கையிலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “சார், நான் மாடு, ஆடு, நாய் பாக்கறவன். தெரியாத மருந்த இதுக்குக் குடுத்துட்டு உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. சென்னையில ஆமை, கிளியெல்லாம் பாக்கற டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. இன்னிக்கே போங்க. தண்ணியில வச்சி எடுத்துக்கினு போகாதீங்க, பலம் இல்லாம மூழ்கிடும். ஈரத் துணிமேல வச்சி, காத்து போற மாதிரி, குளிர் படாம கொண்டுபோங்க” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு மனிதரை நான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன். ஆசிரியர் அறையில் அந்தப் பழக்கம் கிடையாது.

எதில் வைத்து எடுத்துப் போவது? உன் கடையிலிருந்து வந்த முகூர்த்தப் புடவைப் பெட்டி ஒன்று கஸ்தூரியின் பீரோவுக்கு மேல் கிடந்தது. ஆழமான பெரிய அட்டைப் பெட்டி, மேலே தங்க எழுத்து. மூடியில் ஓட்டை போட்டு, ஈரத் துண்டு விரித்து, வாத்தியாரை உள்ளே வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள், தாம்பரம் போகிறவர், பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“கல்யாணப் பொடவைங்களா?”

மறுத்தால் திறந்து காட்டவேண்டும். தலையாட்டினேன்.

“என்னா கலரு?”

“பச்சை.”

“பார்டரு?”

“சிவப்பு. ரெண்டு பக்கமும்.”

“அடடா, அரக்கா, மொளகாப்பழச் செவப்பா?”

“மிளகாய்ப்பழம்.”

“ஒடம்புல எதாச்சும் டிசைன் இருக்குதா, பிளெய்னா?”

“கட்டம் போட்டது” என்றேன். பொய் சொல்லவில்லை, முதுகில் கட்டம் கட்டமாகத்தானே இருக்கிறது.

“ஒரே ஒரு தபா தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேம்பா” என்று அவர் கை நீட்டியபோது பெட்டி தானாக ஒரு தரம் நகர்ந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் அவர் முன்சீட்டுக்கு மாறிவிட்டார். உன்னைப் போல ஒரு விற்பனைக்காரன் என் இடத்தில் இருந்திருந்தால் இந்நேரம் நாலு புடவைக்கு ஆர்டர் வாங்கியிருப்பான்.

சென்னை டாக்டர் சின்னப் பெண். என்னிடம் படித்துப் போன பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். “இடது பக்க லங் பாருங்க சார், வெள்ளையா மூடிக்கினு இருக்கு. நிமோனியா. அந்தப் பக்கம் காத்து நிக்கல, அதான் சாஞ்சு மிதக்குது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கஷ்டம்.”

பிறகு கேள்வி. தண்ணீர் எத்தனை சூடு? தெரியாது. ஏறி உட்கார்ந்து காய உலர்ந்த இடம் உண்டா? இல்லை. வெயில்? இல்லை. இவ்வளவு நாள் என்ன சாப்பிட்டது?

“ஒன்பது வருஷமா கோயில் இட்லி” என்றேன். “மிளகு, சீரகம், சுக்கு போட்டது.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். “ஒன்பது வருஷமா இட்லியா சார்? கண் வீங்கினது அதனாலதான், வைட்டமின் ஏ இல்ல.”

அதைக் கேட்டதும் எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! கடைசியில் உன் தப்பு ஒன்று ஆதாரத்தோடு, எக்ஸ்ரேயோடு, ஒரு டாக்டர் வாயால் நிரூபணமாகிவிட்டது. “வளர்த்தவர் வேற ஒருத்தருங்க” என்று அவசரமாகச் சொன்னேன். அவர் விடவில்லை. “ஆனா அவர் தினம் வெயில்ல வச்சிருக்கணும் சார். ஓடு கல்லு மாதிரி இருக்கு. அந்த வெயில்தான் இத்தனை வருஷம் காப்பாத்தியிருக்கு. கடைசி ஒரு மாசம் குளிர்ல யாரு வச்சாங்க?”

நான் எக்ஸ்ரேயை உன்னிப்பாகப் பார்த்தேன்.

“சுத்தி இருக்கற சூடுதான் சார் அதோட உடம்புச் சூடு. தண்ணி குளிர்ந்தா நோயை எதிர்க்கிற சக்தியும் குளிர்ந்துடும்” என்று எனக்குப் பாடம் எடுத்தார். அந்தப் பாடத்தைத்தான் ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, “பள்ளிக்கூடத்துல” என்று மட்டும் சொன்னேன். என் பட்டங்களைச் சொல்லிக்கொள்ள வாய் வராத ஒரே இடம் அதுதான்.

மூன்று நாளைக்கு ஒரு ஊசி, மொத்தம் ஏழு, முன்னங்காலில். மருந்தை எழுதிக் கொடுத்து, ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். நம் மாட்டு டாக்டர் போனில் அவரிடம் அளவு கேட்டுக்கொண்டு போட்டுவிட்டார். முதல் ஊசிக்கு முன்னால் அளவை மூன்று தடவை கேட்டுச் சரிபார்த்தார். ஏழாவது ஊசியில் “வாங்க வாத்தியாரே” என்று இருவரையும் சேர்த்து வரவேற்றார்.

வீட்டில் தண்ணீர் ஆழத்தைக் குறைத்தேன், கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வரும் அளவுக்கு. தண்ணீரை வெதுவெதுப்பாக்கும் கருவி, வெப்பமானி, வெயிலைப்போல வெளிச்சம் தரும் விளக்கு, ஏறி உட்கார ஒரு செங்கல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் சமையலறைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். “நாப்பது வருஷமா நான் கழுவாத கையா?” என்று அத்தை ஒரு நாள் சாப்பிடவில்லை. தாமல் ஏரியில் விட்டுவிட்டால் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு உறவினர் வந்து யோசனை சொன்னார். நோயாளியை ஏரியில் போடுவார்களா? தவிர, இது வெளிநாட்டுச் சாதி, ஏரியில் பெருகினால் நம் ஆமைகளுக்கு இரை மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவர் இன்னும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதுவும் லாபம்.

எடை குறைகிறதா என்று தினமும் பார்க்கவேண்டும். எதிர்வீட்டுக் கன்னியப்பன் பட்டு நூல் நிறுக்கிற தராசைத் தினமும் காலையில் எடுத்துவருவார். நூல்கண்டு வைக்கிற தட்டில் வாத்தியார் நாலு காலையும் பரப்பி உட்காரும். “நேத்திக்கு இன்னிக்கு ரெண்டு கிராம் கொறச்சல் வாத்தியாரே” என்பார். எனக்கு அன்று வகுப்பில் மனசு ஓடாது.

இனி சொல்லப்போவதுதான் உனக்குச் சொல்ல நினைத்தது.

நாலாவது ஊசிக்குப் பிறகு, காலை வெயில் காட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் அது கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. அசைவில் மூச்சு வாங்கியிருக்கவேண்டும். நான் நின்றேன். மூச்சு அடங்கும்வரை அசையாமல், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். அப்போது இன்னொரு மாடிப்படி ஞாபகம் வந்தது.

போன வருஷம் ஆனி மாதம். சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுக் கூடம் மாடியில். மாமியார் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் முதல் இலை உனக்குத்தான் என்பது எழுதாத சட்டம். அன்று நீ எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாய். பாதிப் படியில் நின்றுவிட்டாய். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை. வாய் திறந்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாய். ‘நீ போ’ என்று கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். நீ ‘நில்’ என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் உன்னைத் தாண்டிப் போய் முதல் இலையில் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. வடை சூடாக இருந்தது, நன்றாக இருந்தது என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து, கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே உன் நெஞ்சு நின்றுபோனது. ஆமைக்கு இதயத்தில் மூன்று அறை, மனிதனுக்கு நான்கு என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அன்று நின்று, ‘என்ன செய்யுதுப்பா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். நீ “வயசாயிடுச்சி சார், நீங்கதான் மூத்தவரு, முன்னால போங்க” என்று ஏதாவது கேலி பேசியிருப்பாய். கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வாத்தியார் அன்று வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தது. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. அதனோடும் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாத காலம் அது.

தை பாதியில், ஏழாவது ஊசிக்கு மறுநாள், முருங்கைக்கீரைக் காம்பு ஒன்று தண்ணீரில் இருந்து காணாமல் போனது. கண் ஒரு கோடாகத் திறந்தது. இரண்டு நாள் கழித்து நேராக மிதந்தது, கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி. கன்னியப்பன் தராசைத் தூக்கிக் காட்டி, “ஏறிடுச்சி!” என்று தெருவுக்கே கேட்கக் கூவினார். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: “துக்கம் தீந்துடுச்சி போலருக்குது.” நான் மறுக்கவில்லை. சில விஷயங்களில் அத்தையை ஜெயிக்க முடியாது.

மாசியில் அண்ணி உன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், கையில் உன் பேரனோடு. நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்து, “வாத்தியாரே” என்றார். அது தலையை நீட்டி, நீந்தி வந்து, அவர் விரலுக்கு அருகில் நின்றது. பேர் சொன்னால் வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் அதை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே.

“அண்ணி, அதுக்கு எப்படிப் பேர் தெரியும்?”

“தெரியாதா பின்ன? தினம் காலையில மாடியில அதுகூடத்தானே பேசிக்கினு இருப்பாரு.” அண்ணி உன் குரலில் பேசிக் காட்டினார். “‘என்னா வாத்தியாரே, இன்னிக்கும் கோவமா? பத்திரிகையில பேரு சரியா போடாதது என் தப்புதாம்பா, போதுமா? தலைய வெளிய நீட்டு’ன்னு. நாலு வருஷமா கேட்டுக்கேட்டு எனக்கே மனப்பாடம். நேர்ல போய்ச் சொல்லுங்களேன்னா, ‘அந்த வாத்தியாரு உள்ள இழுத்துக்குவாரு, இதுதான் நீட்டுது’ம்பாரு.”

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். எனக்குத் தொட்டித் தண்ணீர் மாற்றவேண்டிய அவசரம் வந்துவிட்டது. குழாயடியில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றேன்.

ஆக, தப்பு உன்னுடையதுதான் என்று நீயே ஒப்புக்கொண்டாய், அதுவும் சாட்சியோடு. நாலு வருஷம் முன்னால் இதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் உடனே மன்னித்திருப்பேனா? மாட்டேன். ஒரு மாதமாவது இழுத்திருப்பேன். ஆனால் மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

ஆமையை அண்ணி திரும்ப எடுத்துப் போனார். எனக்கு வருத்தமில்லை என்று எழுத வந்தேன், பொய் வேண்டாம். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் டவுன் பஸ் பிடித்து செவிலிமேடு போய்த் தண்ணீர் மாற்றி, எடை பார்த்து, மாடியில் ஒரு மணி நேரம் அதனோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இந்த வாரம் நினைவு நாள் வேலையில் அண்ணிக்குக் கை ஓயாது என்பதால் இங்கே என்னிடம் இருக்கிறது. கோயில் இட்லி அதற்கு அறவே நிறுத்தியாயிற்று. அதன் பங்கை நான் சாப்பிடுகிறேன்.

புத்தகத்தில் என் பெயருக்குப் பின்னால் பட்டம் போடட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆமைக்குச் சளி பிடித்ததைக் கண்டுபிடிக்க உன் படத்தைக் கழற்றி மாட்டவேண்டியிருந்தது எனக்கு.

அடுத்த வாரம் உனக்குப் படையல். முதல் இலை உனக்குத்தான் போடுவார்கள். இந்த ஒரு தடவை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். நானே தண்ணீர் தெளித்து, நானே பரிமாறுகிறேன், வடை சூடாக இருக்கும். இன்னொன்றும் வாக்குக் கொடுக்கிறேன், சகலை. இனி எந்தப் படியில் யார் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாலும், அவரோடு எனக்கு எத்தனை வருஷப் பகை இருந்தாலும், தாண்டிப் போகமாட்டேன். நின்று கேட்பேன்.

உன் சகலை,
உன்னைவிட எட்டு மாதம் மூத்தவன்,
ஏகாம்பரம்